ஆற்றுக்கடியில் கிடப்பது யாருடைய சரித்திரம்?

தாமிரபரணிக் கரை ஊர்களில், வேலையற்ற நாட்களில் வாலிபர்கள் கூடிப் பேசும் இடங்களில், ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. "ஆற்று மணலுக்கடியில் பழங்காசும் பாசிமணியும் கிடக்கின்றன என்கிறார்கள். ஒரு பெட்ரோல் இஞ்சினும் நாலு குழாயும் இருந்தால் மணலை உறிஞ்சி அலசிப் பார்த்துவிடலாமே! செய்தால் என்ன?" என்கிறார்கள்.

கேலி செய்து தள்ளிவிட வேண்டிய கேள்வி அல்ல இது. கேட்பவர்கள் யார்? பம்புசெட்டைக் கழற்றி மாட்டத் தெரிந்த விவசாயத் தொழிலாளியின் மகன். மில்லில் ஃபிட்டர் வேலை பழகியவன். சங்கு குளிக்கப் போகும் படகில் கம்ப்ரஸர் ஓட்டுகிறவன். கையில் தொழில் இருக்கிறது. தொழிலுக்கு வேலை இல்லை. காலடியில் புதையல் கிடக்கிறது என்று காதில் விழும்போது அவன் கை துடிப்பது இயற்கை.

ஆகவே நேராகவே பதில் சொல்வோம். அப்படி ஒரு யந்திரத்தை வீட்டிலேயே செய்ய முடியுமா? முடியும். அதைக் கொண்டு ஆற்றைத் துழாவலாமா? யார் இயக்குவது, யாருக்காக இயக்குவது, எடுத்ததை எங்கே கொண்டு போவது என்பதைப் பொறுத்த விஷயம் அது. இன்று பேசப்படுகிற முறையில் செய்தால் நஷ்டமடைகிறவர்கள் உழைக்கும் மக்களே என்பது நமது அபிப்பிராயம். ஏன் என்பதை விளக்குகிறோம்.

யந்திரத்தில் மர்மம் இல்லை

போர்வெல் உள்ள வீடுகளில் இரண்டு வகை மோட்டார்களைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று ஜெட் மோட்டார். இதில் இரண்டு குழாய்கள் கிணற்றுக்குள் இறங்கும். மேலே வந்த தண்ணீரில் ஒரு பங்கை மோட்டார் மறுபடி கீழே தள்ளும். அது ஒரு சிறிய துவாரத்தின் வழியே பீறிட்டுப் பாயும்போது பக்கத்திலுள்ள தண்ணீரையும் இழுத்துக்கொண்டு மேலே ஏறும். மற்றது கம்ப்ரஸர் மோட்டார். இதில் தண்ணீருக்குள் யந்திரம் எதுவும் இல்லை. மெல்லிய குழாயில் காற்று கீழே போகும். காற்றுக் குமிழிகள் கலந்த தண்ணீர் கனம் குறைந்து, தானாக மேலே கிளம்பி வரும்.

மணல் உறிஞ்சும் யந்திரத்திலும் இவ்விரண்டு தத்துவங்களே வேலை செய்கின்றன. ஆற்றுக்கு உகந்தது ஜெட் முறை. நாலு பிளாஸ்டிக் பீப்பாய்களை அல்லது இரண்டு லாரி ட்யூப்களைச் சட்டத்தில் கட்டி மிதக்க விடுகிறார்கள். மேலே ஐந்து குதிரைசக்தி அளவில் ஒரு பெட்ரோல் பம்பு. சல்லடை வைத்த ஃபுட்வால்வு வழியாக அது ஆற்று நீரை இழுக்கிறது. அதன் டெலிவரி நீரைக் குறுகலான மூக்கு வழியாக, நாலு அங்குலக் குழாய் ஒன்றின் பக்கவாட்டில் சாய்வாகப் பாய்ச்சுகிறார்கள். நீர் வேகமாகப் பாயும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. குறைந்ததும் பெரிய குழாயின் மறுமுனை, நீரையும் மணலையும் சரளையையும் வாரி விழுங்குகிறது. மணல் பம்புக்குள் போவதில்லை; ஆகவே பம்பும் தேயாது.

உறிஞ்சிய மணல், குறுக்குச் சட்டங்கள் அடித்த சாய்வுத் தட்டில் கொட்டும். கனமான பொருள் சட்டங்களுக்குப் பின்னால் தங்கும். லேசானது தண்ணீரோடு போய்விடும். கழற்றி இரண்டு பேர் தோளில் சுமந்து போகலாம்.

கம்ப்ரஸர் முறை ஆழமான இடத்துக்கு உரியது. முழங்கால் தண்ணீரில் அது இழுக்காது. பல பாகம் ஆழமுள்ள கடலில் நன்றாக வேலை செய்யும்.

இதைப் படிக்கும் எந்த ஃபிட்டரும் மீதியைத் தானே ஊகித்துக்கொள்வார். இந்தத் திறமை நம்மிடம் ஏராளமாக இருக்கிறது. குறை அதில் இல்லை.

தட்டில் தங்குவது எது? ஓடிப்போவது எது?

இந்தத் தட்டு யாருக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்று பாருங்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா ஆறுகளில் தங்கப்பொடி தேடியவர்கள் பெருவாரியாகப் பயன்படுத்திய கருவி இது. தங்கம் கனமானது, அது தங்கினால் அவர்களுக்குப் போதும். அந்த ராஜ்யத்திலேயே, மீன்கள் முட்டையிடும் படுகை பாழாகிறது என்ற பெருங்கிளர்ச்சிக்குப் பிறகு, 2009ல் இம்முறைக்குத் தடை போட்டார்கள்.

தங்கம் தேடுகிறவனுக்கு வேண்டாததை எல்லாம் இந்தத் தட்டு தண்ணீரில் விட்டுவிடுகிறது. அப்படி ஓடிப்போவதில் என்ன இருக்கிறது?

சிவகளையில் ஈமத்தாழி ஒன்றுக்குள் நெல் கிடைத்தது. அமெரிக்கச் சோதனைச்சாலை ஒன்றுக்கு அனுப்பி ஆராய்ந்தபோது அதன் காலம் கி.மு. 1155 என்று தெரிந்தது. 2021ல் தமிழக முதலமைச்சர் இதைச் சட்டமன்றத்தில் அறிவித்தார். பொருநைக் கரையில் 3,200 ஆண்டுகளுக்கு முன்பே ஜனங்கள் நாகரிகமாக வாழ்ந்தார்கள் என்று நாடு முழுவதும் பேசப்பட்டது அந்த நெல்லை வைத்துத்தான். கொற்கையில் 1968-69ல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டு ஒன்றை ஆராய்ந்தார்கள். ஏறக்குறைய கி.மு. 785 என்று விடை வந்தது. கொற்கையின் வயதை விஞ்ஞானம் முதன்முதலாகச் சொன்னது அந்தக் கரியின் மூலம்தான்.

உழவன் விளைத்த நெல். யாரோ ஒருவர் அடுப்பிலோ உலையிலோ எரித்த விறகின் கரி. இரண்டும் மணலைவிட லேசானவை. நாம் சொன்ன தட்டில் போட்டால் முதல் நொடியிலேயே மிதந்து போய்விடும். ராஜாவின் காசு தங்கும்; உழுதவனின் நெல் ஓடிப்போகும். மண்பாண்டத்தில் தன் பெயரைக் கீறி வைத்தவனின் ஓடு, குழாய் வளைவில் மோதி உடையும்.

சங்கை அறுத்து வளையல் செய்த தொழிலாளி கழித்துப் போட்ட துண்டுகள் கொற்கை மண்ணில் நிறையக் கிடைத்திருக்கின்றன. புதையல்காரனுக்கு அவை குப்பை. நமக்கோ, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பட்டறையின் வருகைப் பதிவேடு அதுதான். எங்கே உட்கார்ந்து அறுத்தார்கள், எந்த ஆயுதத்தால் அறுத்தார்கள், எவ்வளவு உற்பத்தி செய்தார்கள் என்பதை அந்தக் கழிவைக் கொண்டுதான் சொல்ல முடியும். ராஜாக்களின் பெயரைக் கல்லிலும் செம்பிலும் வெட்டி வைத்தார்கள். உழைத்தவனின் சாட்சியம் உமியிலும் கரியிலும் ஓட்டிலும் சங்குத் துண்டிலும்தான் இருக்கிறது. அதைத் தூக்கி எறிகிற யந்திரம் நமக்கு எப்படிச் சாதகமாகும்?

"வெள்ளம் புரட்டிய மணல்தானே?"

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுவார். "தரையில் தோண்டினால் அடுக்கு அடுக்காக இருக்கும், வாஸ்தவம். ஆற்றில் வெள்ளம் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டு விடுகிறதே! 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே! அந்த வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றில் எந்த அடுக்கு மிஞ்சியிருக்கும்?" என்பார்.

நியாயமான கேள்வி. மேல்மணலைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. ஆனால் அந்த மணலுக்குக் கீழே வெள்ளம் தொடாத களிமண் இருக்கிறது. பழைய கழிமுகத்தின் வண்டல் இருக்கிறது. மணல் எங்கே முடிந்தது, களி எங்கே தொடங்கியது என்பது குழாய்க்குத் தெரியாது. கலங்கிய தண்ணீரில் அதைப் பிடித்திருப்பவனுக்கும் தெரியாது. களிக்குள் குழாய் இறங்கிய கணத்தில், கலையாமல் கிடந்த பக்கம் கிழிந்து போகிறது. கிழித்த பிறகு ஒட்ட முடியாது.

கொற்கைக்கு இது மிகவும் பொருந்தும். ஒரு காலத்தில் பாண்டியரின் கடற்றுறையாக இருந்த அந்த ஊர் இன்று கடலுக்குச் சில மைல் உள்ளே, வயல்களின் நடுவே கிடக்கிறது. ஆறு கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளிவிட்டது. பிறகு பழையகாயல் எழுந்தது, அதுவும் தூர்ந்தது. பிறகு புன்னைக்காயல், பிறகு தூத்துக்குடி. துறைமுகம் வண்டலுக்குத் தப்பி நகர்ந்துகொண்டே வந்த சரித்திரம் இது. பழைய படகுத்துறைகளும் பட்டறைகளும் எங்கே இருக்கக்கூடும்? வயலுக்கடியில், ஆற்றுக்கடியில், முகத்துவாரத்துக்கு அப்பால் கடலுக்கடியில். ஆற்றுப் படுகை இங்கே வெறும் மணல் கிடங்கு அல்ல, மூடிய புத்தகம்.

குழாய் மண்ணை எடுக்கட்டும். பொருளைக் கை எடுக்கட்டும்

அப்படியானால் உறிஞ்சு குழாயே கூடாதா? அப்படி நாம் சொல்லவில்லை. உலகமெங்கும் நீருக்கடியில் அகழ்கிற விஞ்ஞானிகள் இதே குழாயைத்தான் பயன்படுத்துகிறார்கள். பிடிக்கும் விதம் வேறு.

1545ல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பலை 1982ல் தூக்கினார்கள். அதற்கு முன் பல ஆண்டுகள் முக்குளிப்பவர்கள் காற்றுக் குழாய்களைக் கொண்டு சேற்றை அகற்றினார்கள். குழாயின் வாயை மண்ணுக்குள் திணிப்பதில்லை. சற்று விலகியே பிடித்திருப்பார்கள். ஒரு கையால், அல்லது சிறு கரண்டியால், சேற்றை மெல்ல விசிறிவிடுவார்கள். கிளம்பிய சேற்றைக் குழாய் இழுத்துக்கொள்ளும். பொருள் கண்ணில் பட்டதும் குழாய் விலகும். பொருள் கிடக்கும் நிலையிலேயே அளந்து, வரைந்து, எண் போட்ட பிறகுதான் கை அதை எடுக்கும். தப்பித் தவறிப் போனதைப் பிடிக்கக் குழாயின் மறுமுனையில் வலை கட்டுவார்கள். தட்டு அங்கே காவல்காரன், வேட்டைக்காரன் அல்ல.

அப்படிச் செய்ததால் என்ன கிடைத்தது? மன்னன் எட்டாம் ஹென்றியின் கப்பலிலிருந்து மாலுமிகளின் சீப்பு, செருப்பு, சாப்பாட்டுத் தட்டு, தச்சனின் கருவிகள் என்று பத்தொன்பதாயிரத்துக்கும் அதிகமான பொருள்கள் வந்தன. பீரங்கிகளோடு நின்றிருந்தால் மன்னனின் கதைதான் கிடைத்திருக்கும். பொறுமையாகச் சேற்றைத் துடைத்ததால், அந்தக் கப்பலில் வேலை செய்து அதோடு மூழ்கிய சாதாரண மனிதர்களின் வாழ்க்கை வெளிவந்தது.

நம் பக்கத்திலும் தொடக்கம் உண்டு. 1991ல் தேசியக் கடலாராய்ச்சி நிறுவனம் தமிழகத் தொல்லியல் துறையோடு சேர்ந்து பூம்புகாருக்கு அப்பால் தேடியது. சுமார் 23 மீட்டர் ஆழத்தில் குதிரை லாட வடிவில் ஓர் அமைப்பைக் கண்டது. கொற்கைக்கு அப்பாலும் கடலுக்கடியில் ஆய்வு நடத்தப்படும் என்று தமிழக சர்க்கார் 2021ல் அறிவித்தது. வரவேற்க வேண்டிய விஷயம். ஆனால் அந்த ஆய்வில் நம்முடைய ஃபிட்டருக்கும் சங்கு குளிப்பவருக்கும் இடம் என்ன? இதைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

கண்டெடுத்தவன் யார்? பெயர் பெற்றவன் யார்?

சரித்திரத்தைப் புரட்டிப் பாருங்கள். நீருக்கடியில் கிடந்த பெரும் செல்வங்களை முதலில் கண்டவர்கள் பேராசிரியர்கள் அல்ல.

1900ல் கிரேக்க நாட்டு ஆண்டிகித்தீரா தீவருகே மூழ்கிய கப்பலைக் கண்டது, கடல் பஞ்சு எடுக்கும் கூலி முக்குளிப்பாளர்கள். வெண்கலச் சிலைகளும், கிரகங்களின் ஓட்டத்தைக் கணக்கிடும் பல்சக்கர யந்திரம் ஒன்றும் அங்கே கிடைத்தன. உலகமே வியந்தது. அந்த வேலையில் ஒரு முக்குளிப்பாளர் உயிர் இழந்தார். இருவர் உடல் முடங்கினார்கள். அந்த யந்திரத்தின் புகழ் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நமக்கு மிக அருகே, இலங்கையின் தென்கரையில், கோடவாய என்ற இடத்தில் ஈராயிரம் ஆண்டுப் பழைய கப்பலின் சிதைவு இருப்பதை 2003ல் உலகுக்குக் காட்டியது சங்கு குளிக்கும் தொழிலாளர்கள். கண்ணாடிக் கட்டிகளையும் அம்மிக்கற்களையும் ஏற்றிப் போன கப்பல் அது. தெற்காசியக் கடலில் கிடைத்தவற்றில் மிகப் பழைய கப்பல்களில் ஒன்று என்கிறார்கள்.

கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையிலிருந்து சங்ககாலச் சேரர் காசுகளும் ரோமானியக் காசுகளும் நாணய அறிஞர்கள் கைக்கு வந்தன. மாக்கோதை, குட்டுவன் கோதை என்று பெயர் பொறித்த காசுகள் வெளிச்சத்துக்கு வந்தது பெரிய விஷயம். அறிஞர்களின் உழைப்பை நாம் மதிக்கிறோம். ஆனால் மணலைச் சலித்தவன் கையிலிருந்து வியாபாரி, வியாபாரியிடமிருந்து சேகரிப்போர் என்று காசு கைமாறும்போது இரண்டு விஷயங்கள் தொலைகின்றன. எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எதனோடு கிடந்தது என்ற விவரம் ஒன்று. சலித்தவனின் பெயர் மற்றொன்று. விவரம் தொலைந்தால் விஞ்ஞானத்துக்கு நஷ்டம். பெயர் தொலைந்தால் உழைத்தவனுக்கு நஷ்டம். லாபம் நடுவில் நின்றவனுக்கு.

இது புதிய கதையும் அல்ல. முதலாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட பெரிப்புளூஸ் என்ற கிரேக்கக் கடற்பயண நூல், கொற்கையின் முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற கைதிகளை இறக்கினார்கள் என்கிறது. முத்து ரோமாபுரிச் சீமாட்டிகளின் கழுத்துக்குப் போயிற்று; மூழ்கியவன் பெயர் எங்கும் இல்லை. 1876ல் ஜெர்மனியிலிருந்து வந்த யாகோர் ஆதிச்சநல்லூரில் தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். அலெக்ஸாண்டர் ரீ 1899லிருந்து 1905 வரை தோண்டியதை சென்னை மியூசியத்தில் சேர்த்தார். இவ்விருவர் பெயரும் நமக்குத் தெரியும். வெயிலில் மண்வெட்டி பிடித்தவர்களின் பெயர் நமக்குத் தெரியாது.

தூத்துக்குடியில் 1908ல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றார்கள். கூலி உயர்வும் வார விடுமுறையும் கிடைத்தன. இன்றும் நாம் அதை மார்தட்டிச் சொல்கிறோம். எப்படிச் சொல்ல முடிகிறது? தேதியும் இடமும் கோரிக்கையும் பதிவாகியிருக்கிறது. பதிவு இல்லாவிட்டால் நூறு வருஷத்தில் அது வெறும் வதந்தி. மண்ணில் கிடைக்கும் பொருளும் அப்படியே. இடமும் ஆழமும் தெரியாத காசு, தேதி தெரியாத வேலைநிறுத்தம் மாதிரி.

சட்டம் என்ன சொல்கிறது?

ஏழை ஒருவன் வரப்பு வெட்டும்போது செம்புக் காசு ஒன்று கிடைத்தால் முதலில் அவனைப் பிடிப்பது பயம். போலீஸ் வருமோ, திருடன் என்பார்களோ என்று நினைக்கிறான். அந்தப் பயத்தை வைத்துத்தான் வியாபாரி விலையைக் குறைக்கிறான். ஆகவே சட்டத்தை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1878ம் வருஷத்துப் புதையல் சட்டம் வெள்ளையன் காலத்தில் வந்தது. இன்றும் அமலில் இருக்கிறது. மண்ணில் புதைந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதானால், கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். விசாரணையில் உரிமையாளர் இல்லை என்று தீர்ந்தால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு என்று சட்டம் பேசுகிறது. சர்க்காரே எடுத்துக்கொண்டால், பொருளின் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்க வேண்டும். தெரிவிக்காமல் மறைத்தால் பங்கும் போகும். ஒரு வருஷம் வரை சிறையும் உண்டு. 1972ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பழம்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம்.

இதில் கோளாறு எங்கே? எழுத்து, ஓட்டில் இருந்தால் என்ன, தங்கத்தில் இருந்தால் என்ன, சரித்திரத்துக்கு ஒன்றே. உலோக மதிப்பை வைத்து இனாம் கணக்கிட்டால், பெயர் கீறிய பானை ஓட்டுக்கு என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காது. தங்கத்தைத் தேடு, ஓட்டை எறி என்று சட்டமே கற்றுக்கொடுக்கிற மாதிரி ஆகிறது. மாற்ற வேண்டியது இது.

ஆறு அள்ளப்படும்போது

"நாங்கள் நாலு அங்குலக் குழாய் வைத்தால் குற்றம், லாரி லாரியாக மணல் போனபோது சரித்திரம் போகவில்லையா?" என்று வாலிபர்கள் கேட்டால், அவர்கள் மேல் கோபப்பட நமக்கு நியாயமில்லை.

போனதுதான். தாமிரபரணியைக் காக்க நடந்த போராட்டம் நமக்குத் தெரிந்ததே. தோழர் ஆர்.நல்லகண்ணு 2010ல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குத் தொடுத்துத் தாமே வாதாடினார். ஆற்றில் மணல் எடுக்க ஐந்தாண்டுத் தடை வாங்கினார். 2023 ஏப்ரலில், மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்த முறப்பநாட்டுக் கிராம நிர்வாக அலுவலர், தமது அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். குற்றவாளிகள் இருவருக்கு அதே வருஷம் ஆயுள்தண்டனை கிடைத்தது. மணலின் விலை என்னவென்று இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

தூத்துக்குடித் துறைமுகத்தை ஆழப்படுத்த ராட்சசக் கப்பல்கள் கடலடி மண்ணை உறிஞ்சியிருக்கின்றன. பெரிய கப்பல் வருவது தேவைதான். துறைமுகத் தொழிலாளியின் சோறு அதில் இருக்கிறது. ஆனால் உறிஞ்சிய மண் எங்கே கொட்டப்படுகிறது, அதில் என்ன வருகிறது என்று பார்க்க ஒரு ஆள் வேண்டாமா?

ஆகவே வாலிபர்களுக்கு நமது பதில் இதுவே: பெரியவனின் கொள்ளையைக் காட்டிச் சின்னக் கொள்ளையை நியாயப்படுத்த வேண்டாம். இரண்டையும் நிறுத்தச் சொல்லும் தகுதியை நாம் இழக்கக் கூடாது. ஆற்றில் குழாயை வைத்து மணல் உறிஞ்சும் ஒருவன், நாளை மணல் லாரியை மறிக்கும் கூட்டத்தில் எப்படி நிற்பான்?

உயிர் முதலில்

இன்னொரு விஷயம் பணத்தைவிட முக்கியமானது. மணலை உறிஞ்ச உறிஞ்ச, குழாயைச் சுற்றிக் குழி ஆழமாகிறது. ஈர மணல் சுவர் எந்த நேரமும் சரியும். சரிந்தால் கீழே இருப்பவன் எழ முடியாது. வாயில் காற்றுக் குழாயோடு இறங்கினால், பெட்ரோல் இஞ்சினின் புகை கம்ப்ரஸருக்குள் போகும் அபாயம் உண்டு. அந்த நச்சுக்கு மணமில்லை. மயக்கம் வந்த பிறகே தெரியும்.

கடலில் அபாயம் இரட்டிப்பு. திரேஸ்புரத்துச் சங்கு குளிப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆழத்தில் நெடுநேரம் அழுத்தக் காற்றைச் சுவாசித்துவிட்டுச் சடுதியில் மேலே வந்தால், இரத்தத்தில் கரைந்த காற்று குமிழியாகும். மூட்டு பிடிக்கும், இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும், உயிரும் போகும். 1961ல் கடைசி முத்துச் சலாபம் நடந்து முடிந்த பிறகு சங்கையே நம்பி வாழ்கிற குடும்பங்கள் இவை. பிழைப்புக்காக ஏற்கெனவே பணயம் வைத்த உடம்பைப் பழங்காசுக்காக இரண்டாம் முறை பணயம் வைக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

நமது கோரிக்கைகள்

யந்திரம் வேண்டும். திறமை வேண்டும். நம்முடைய வாலிபர்களின் கைகள் வேண்டும். ஆனால் அவை பொதுச் சொத்தைக் காக்கும் வேலையில் இறங்க வேண்டும். அதற்குக் கூலியும் கௌரவமும் வேண்டும். ஆகவே நாம் கோருவது:

ஒன்று: கண்டெடுத்த பொருளை ஒப்படைக்க, ஒவ்வொரு தாலுகாவிலும் ஒரு பதிவேடு வேண்டும். பெயர், இடம், ஆழம், தேதி எழுதி உடனே ரசீது தர வேண்டும். ஒப்படைக்க வருகிறவரைக் குற்றவாளி போல் விசாரிக்கக் கூடாது.

இரண்டு: இனாமை உலோக மதிப்பால் அளக்காமல் சரித்திர மதிப்பால் அளக்க வேண்டும். இடத்தைக் கலைக்காமல் தகவல் மட்டும் தருகிறவருக்கு அதிக இனாம் தர வேண்டும். அவர் சம்மதித்தால் மியூசியத்தில் பொருளின் பக்கத்தில் அவர் பெயர் இருக்க வேண்டும்.

மூன்று: கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல் பகுதியில் நீரடி ஆய்வுக்கு நிலையான ஒரு குழு வேண்டும். அதற்கு வேண்டிய உறிஞ்சு குழாய்களை வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டியதில்லை. தூத்துக்குடிப் பட்டறைகளே செய்து கொடுக்கும். சங்கு குளிப்பவர்களுக்கு முறையான பயிற்சி, மாதச் சம்பளம், இன்ஷ்யூரன்ஸ் கொடுத்து அதில் சேர்க்க வேண்டும். அழுத்த நோய்க்குச் சிகிச்சை தரும் அறை தூத்துக்குடியிலேயே எப்போதும் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும்.

நாலு: துறைமுகத்தை ஆழப்படுத்தும்போதும், அணை, பாலம், கால்வாய்க்காக ஆற்றைத் தோண்டும்போதும் தொல்லியல் துறையின் ஆள் ஒருவர் உடனிருக்க வேண்டும்.

ஐந்து: அகழாய்வுக் குழிகளில் தூரிகை பிடிக்கும் உள்ளூர்த் தொழிலாளர்களை, ஆண்களையும் பெண்களையும், பருவத்துக்கு மட்டும் வந்துபோகும் கூலிகளாக வைக்காமல், தேர்ச்சி பெற்ற தொழிலாளர்களாக அங்கீகரித்துச் சம்பளம் நிர்ணயிக்க வேண்டும்.

இவை நடக்கும் வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. வயலில் உழும்போதோ, குளம் தூர்வாரும்போதோ, வெள்ளம் கரையை அறுத்த பின்போ ஓடோ காசோ தெரிந்தால், மேற்கொண்டு தோண்டாதீர்கள். கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள். இடத்துக்கு அடையாளம் வையுங்கள். சங்கத்துக்குச் சொல்லுங்கள். சங்கத்தார் நாலு பேர் சேர்ந்து எழுத்து மூலம் கலெக்டருக்கும் தொல்லியல் துறைக்கும் தெரிவித்து, நகலில் முத்திரை வாங்குங்கள். தனியாளாகப் போனால் மிரட்டுவார்கள். சங்கமாகப் போனால் ரசீது கொடுப்பார்கள்.

குழாயும் பம்பும் செய்யத் தெரிந்த வாலிபர்களே! உங்கள் திறமை புதையல் வியாபாரிக்குச் சொந்தமல்ல. கொற்கைத் துறையில் மூழ்கியவனும், சங்கை அறுத்தவனும், பொருநைக் கரையில் நெல்லை விளைத்தவனும் உங்கள் முன்னோர்கள். அவர்கள் விட்டுச் சென்ற உமியும் கரியும் நம்முடைய சொத்து. அது தண்ணீரோடு ஓடிப்போகாமல் பார்த்துக்கொள்வது நமது பொறுப்பு. பொறுப்பை நாம் ஏற்கிறோம். அதற்கான ஏற்பாட்டைச் சர்க்கார் செய்யட்டும். செய்யும்வரை கேட்போம், ஊர் ஊராகக் கேட்போம்!